பீப்பாயில் ஓடியது, நீரில் நின்றது: காசல்ரீயின் பழைய ஜோன்சன் ஒன்று

இலங்கை மலையகத்தில், காசல்ரீ நீர்த்தேக்கத்தின் கரையில் உள்ள பழைய துரை பங்களா ஒன்று இப்போது விடுதியாக நடக்கிறது. அங்கே தங்க வருபவர்களை மாலையில் நீரில் சுற்றிக் காட்டவும், வீதி வழியாகப் போனால் நெடுநேரம் பிடிக்கும் அக்கரைக்குச் சாமான் ஏற்றிப் போகவும் ஒரு மரப்படகு உண்டு. அதன் பின்பலகையில் மாட்டியிருப்பது ஐந்தரைக் குதிரைவலு ஜோன்சன் சீ ஹோர்ஸ் வெளியிணைப்பு எஞ்சின். இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், கயிறு இழுத்து எழுப்பும் வகை. தகட்டில் அடித்திருக்கும் மாதிரி எண் ‘சீடி’ என்று தொடங்குகிறது. பெற்றோல் தாங்கியிலிருந்து எஞ்சினுக்கு ஒன்றல்ல, இரண்டு குழாய்கள் ஒட்டியபடி வருகின்றன. இவை இரண்டையும் பார்த்தாலே 1950களின் பொருள் என்று சொல்லிவிடலாம். கெஹெல்கமு ஓயாவை மறித்த காசல்ரீ அணை பயன்பாட்டுக்கு வந்ததோ 1965இல். ஆகவே எஞ்சின் இந்த நீர்த்தேக்கத்தைவிட மூத்தது. வேறெங்கோ ஓடிவிட்டுத்தான் மலையேறியிருக்கிறது.

அதன் முறைப்பாடு இது. பனி விலகாத காலையில் இரண்டாவது இழுப்பிலேயே எழும்பும். கரையை விட்டுப் போகும்போது ஒரு குறையும் இராது. முழு வேகத்தில் சிறிது தூரம் போய், டிக்கோயாப் பக்கத்து வோர்லி தேவாலயம் கண்ணில் படும் வளைவை நெருங்கும்போது சத்தம் மாறும். எஞ்சின் நடுங்கும், வேகம் பாதியாகும். வேகத்தைக் குறைத்தால் அணைந்துவிடும். எவ்வளவு இழுத்தாலும் எழும்பாது. அரை மணி நேரம் துடுப்புப் போட்டுக்கொண்டு காத்திருந்தால், ஒன்றும் நடக்காததுபோல மறுபடி எழும்பும். கரைக்குக் கொண்டுவந்து நீர் நிரப்பிய பீப்பாயில் மாட்டி ஓடவிட்டால் மணிக்கணக்கில் ஓடும்.

என் பட்டறைக்கு வருமுன் அதில் மூன்று பேரின் கை பட்டிருந்தது. ஒருவர் பிளக் மாற்றினார். ஒருவர் காபரேட்டரைக் கழற்றிக் கழுவினார். மூன்றாமவர் தாங்கியின் மூடியில் கோளாறு என்று புதிய வாஷர் போட்டார். விடுதிக்காரர் அலுத்துப்போய், நீர்கொழும்பிலிருந்து புதிய எஞ்சின் ஒன்று எடுக்க விலை கேட்கத் தொடங்கியிருந்தார். படகோட்டுபவர் தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். அவருடைய தீர்ப்பு வேறு. “மலைக்கு வந்த எஞ்சின் மூச்சு வாங்கத்தான் செய்யும், தம்பி. பாவம், அதைக் குறை சொல்லக் கூடாது.”

அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த உண்மை இந்த நோய்க்குரியது அல்ல. மலையகத்தில் ஓடும் எந்த எஞ்சின் படுத்தாலும் முதல் பழி மலையின் மேல்தான் விழும். அந்தப் பழியைக் கணக்குப் போட்டுத் தனியே எடுத்துவைத்துவிட்டால் மற்றக் கோளாறுகள் தாமாகத் தெரியும்.

மலை எவ்வளவு எடுத்துக்கொள்கிறது

காசல்ரீயின் நீர்மட்டம் கடலிலிருந்து ஏறத்தாழ 1,100 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதைவிடப் பத்து சதவீதம் குறைவு. சிலிண்டர் ஒவ்வொரு முறையும் இழுப்பது அதே கன அளவுதான். அதற்குள் இருக்கும் காற்றுத்தான் குறைவு. எனவே வலுவும் ஏறத்தாழ அதே பத்து சதவீதம் குறையும். ஐந்தரை என்று எழுதியிருக்கும் எஞ்சின் இங்கே ஐந்துக்குச் சற்றுக் குறைவாகத்தான் தரும். இதை எந்த மெக்கானிக்காலும் திருப்பிக் கொடுக்க முடியாது.

இரண்டாவது விளைவு காற்றும் பெற்றோலும் சேர்ந்த கலவையில். காற்று மெலியும் அளவுக்குக் காபரேட்டர் பெற்றோலைக் குறைப்பதில்லை. கலவையைத் திருத்தும் ஊசியை யாரும் தொடாவிட்டால் இந்த உயரத்தில் கலவை ஐந்து சதவீதம் அளவுக்குப் பெற்றோல் மிகுந்ததாகிவிடும். பிளக் கருக்கும், புகை கூடும், குறைந்த வேகத்தில் திணறும். ஆனால் ஐந்து சதவீதம் மிகுந்த கலவை எந்த எஞ்சினையும் நடு நீரில் அணைத்துவிட்டு அரை மணி நேரம் கழித்துத் திரும்ப எழுப்பாது. உயரம் காலையிலும் அதே உயரம்தான், மாலையிலும் அதே உயரம்தான். சூடேறினால் வந்து ஆறினால் போகும் கோளாறுக்கு உயரத்தைக் காரணம் காட்ட முடியாது.

இந்தப் பழைய ஜோன்சனுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. பிற்காலத்துச் சிறிய எஞ்சின்கள் பலவற்றில் அளவான துளை போட்ட ஜெட் அசையாமல் இருக்கும். உயரத்துக்கேற்ப மாற்ற வேண்டுமானால் வேறு ஜெட் வாங்க வேண்டும். இதன் முகப்பிலோ இரண்டு ஊசித் திருகுகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்று குறைந்த வேகத்துக்கு, மற்றது முழு வேகத்துக்கு. கையாலேயே கலவையைத் திருத்தலாம். 703 மீற்றரில் உள்ள கொத்மலைக்குக் கொண்டுபோனால் சற்றுத் திறக்கலாம். நுவரெலியாவின் கிரகரி வாவியில், காற்று கடற்கரையைவிட 17 சதவீதம் மெலிந்த இடத்தில், இன்னும் மூடலாம். 1950களின் வடிவமைப்பாளர் எங்கள் மலையை நினைத்து அதைச் செய்திருக்க மாட்டார். இருந்தாலும் மலைக்கு இதைவிடப் பொருத்தமான காபரேட்டர் கிடையாது என்பது என் எண்ணம்.

அந்தத் திருகுகளே முதல் துப்பையும் கொடுத்தன. குறைந்த வேக ஊசியை மெல்ல உள்ளே திருகி, அது முட்டும்வரை எத்தனை சுற்று என்று எண்ணினேன். வழக்கமான தொடக்க அளவு ஒன்று முதல் ஒன்றரைச் சுற்று. மலையில் அதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். இங்கே மூன்று சுற்றுக்கு மேல் திறந்து கிடந்தது. கலவை தானாகவே மிகும் இடத்தில் ஒருவர் இவ்வளவு திறந்து வைத்திருக்கிறார் என்றால், பெற்றோல் வேறெங்கோ தடைப்படுகிறது, அல்லது வேண்டாத இடத்தில் காற்று நுழைகிறது.

இரண்டுமே இருந்தன. 2022இல் பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்றது. கியூஆர் அட்டைப் பங்கு வாகன இலக்கத்துக்கு வந்தது, கேனோடு போனவர்களை நிரப்பு நிலையங்கள் திருப்பி அனுப்பின. படகு எஞ்சினுக்கு ஏது பங்கு? அப்போது தாங்கியிலும் காபரேட்டரிலும் இருந்த பெற்றோல் அப்படியே நின்று, ஆவியாகி, அடியில் பழுப்பு நிறப் பிசினாகப் படிந்துவிட்டது. காபரேட்டரின் கிண்ணத்தை மட்டும் கழுவினால் இது போகாது. ஊசி உட்காரும் நுண்ணிய வழிகளைத் திறந்து, கரைப்பானில் ஊறவைத்து, காற்றடித்து ஊத வேண்டும். கம்பி விட்டுக் குத்தக் கூடாது. துளை ஒரு மயிரளவு பெருத்தாலும் ஊசியின் அளவுகள் பொய்யாகிவிடும்.

ஊசிகளைச் சுற்றியிருந்த அடைப்பு வாஷர்கள் காய்ந்து சுருங்கி, அந்த வழியாகக் காற்று இழுத்தன. கிண்ணத்தில் பெற்றோல் மட்டத்தைக் காக்கும் மிதவை தக்கையால் ஆனது. மேற்பூச்சு உரிந்து பெற்றோலைக் குடித்துக் கனத்திருந்தது. கனத்த மிதவை தாழ மிதக்கும். கிண்ணத்தில் பெற்றோல் மட்டம் உயரும். அதை வெயிலில் நன்றாக உலர்த்தி, பெற்றோலுக்குக் கரையாத பூச்சுப் பூசினேன். இவற்றுக்குப் பின் கரையோரத்தில் எஞ்சின் இனிமையாக ஓடியது.

நடு நீரில் முன்போலவே நின்றது.

கூடுதலாகக் கேட்கும் இடத்தில் குறைவது எது

இங்கே பலர் புதிய உதிரிப்பாகம் தேடத் தொடங்குவார்கள். நான் படகில் ஏறிப் போய், அது சாகும் நேரத்தில் பக்கத்தில் இருப்பதை விரும்புகிறவன். கரையில் செத்த எஞ்சினைக் கரையில் பார்க்கலாம். நீரில் சாகும் எஞ்சினை நீரில்தான் பார்க்க வேண்டும். கையில் எடுத்துப்போனவை ஒரு பிளக் ஸ்பேனர், ஒரு துணி, ஒரு சிறிய மரப்பலகை. பலகையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சிலிண்டர்களுக்குள் எழும் அமுக்க அழுத்தத்தை முன்பே அளந்துவிட்டேன். இரண்டு சிலிண்டரும் ஏறத்தாழ ஒரே எண்ணைக் காட்டின. பழைய கையேடுகளில் உள்ள அழுத்த எண்கள் கடல்மட்டத்துக்கானவை. மலையில் மானி பத்து சதவீதத்துக்கு மேல் குறைத்துக் காட்டும். அதைப் பார்த்து “வளையம் தேய்ந்துவிட்டது” என்று பிஸ்டனைப் பிரித்துப் போட்டவர்களை அறிவேன். இரண்டுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இல்லையென்றால் பிரிக்காதீர்கள்.

தேவாலயம் தெரிந்தது. சத்தம் மாறியது. படகோட்டும் அண்ணனிடம் தாங்கியின் மேலிருக்கும் குமிழை அமுக்கச் சொன்னேன். இந்த எஞ்சினில் பெற்றோல் பம்ப் கிடையாது. எஞ்சினின் கிராங்க் அறையிலிருந்து வரும் காற்றழுத்தம் ஒரு குழாய் வழியாகத் தாங்கிக்குப் போய், அங்கிருந்து பெற்றோலை மற்றக் குழாய் வழியாகத் தள்ளுகிறது. எஞ்சின் தடுமாறும்போது குமிழை அமுக்கிப் பெற்றோலைக் கையால் தள்ளினால் உயிர் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். திரும்பினால் குற்றவாளி பெற்றோல் வழி. திரும்பவில்லை. தாங்கி, மூடி, குழாய், காபரேட்டர் எல்லாம் ஒரே அமுக்கில் விடுதலை.

அடுத்தது சூடு. நனைத்த விரலால் சிலிண்டர் தலையில் ஒரு துளி வைத்தேன். சீறவில்லை. இந்த உயரத்தில் நீர் 96 பாகையிலேயே கொதித்துவிடும். அதற்குக்கூடத் தலை சூடாகவில்லை. பின்புறத் துளையில் புகையோடு நீர் தெறித்துக்கொண்டுதான் இருந்தது. இந்த மாதிரியில் பிற்காலத்து எஞ்சின்களைப் போல் பக்கவாட்டில் நீர்த்தாரை பாயாது. இந்தத் தெறிப்பு ஒன்றுதான் குளிர்நீர் ஓடுகிறது என்பதற்குச் சாட்சி.

மிச்சமிருந்தது தீப்பொறி.

“அதை நாங்கள் பார்த்துவிட்டோம், தம்பி. பிளக்கைக் கழற்றித் தலையில் சாய்த்துவைத்து இழுத்தால் நன்றாகத்தான் அடிக்கிறது,” என்றார் அண்ணன். தொழிற்சாலையில் நாற்பது வகை இயந்திரம் பார்த்த கை அது. பொறி அடித்தது உண்மை. ஆனால் அந்தச் சோதனைக்குச் சொல்லத் தெரிந்தது அவ்வளவுதான்.

பிளக்கின் இரு முனைகளுக்கும் இடையே இருக்கும் இடைவெளி சுமார் 0.75 மில்லிமீற்றர். வெளிக்காற்றில் அதைத் தாண்ட ஒப்பீட்டளவில் குறைந்த மின்னழுத்தம் போதும். சிலிண்டருக்குள் நிலைமை வேறு. அங்கே வாயு பல மடங்கு அமுக்கப்பட்டிருக்கிறது. அழுத்தம் கூடக்கூட அதே இடைவெளியைத் தாண்ட இன்னும் அதிக மின்னழுத்தம் வேண்டும். கைப்பிடியைத் திறக்கத் திறக்கக் கூடுதலான கலவை உள்ளே போகிறது, அமுக்கம் கூடுகிறது, பொறிக்கு வேண்டிய மின்னழுத்தமும் ஏறுகிறது. அந்த மின்னழுத்தத்தைத் தருவது கொயில். நோஞ்சான் கொயில் ஒன்று பிளக்கை வெளியே வைத்தால் அழகாகப் பொறி அடிக்கும், பீப்பாயில் மெதுவாக ஓடும்போதும் அடிக்கும், ஆளையும் சாமானையும் இழுத்துக்கொண்டு முழு வேகத்தில் போகும்போதுதான் தோற்கும்.

பீப்பாய் ஏன் ஏமாற்றியது என்பதற்கும் இதுவே விடை. பீப்பாயில் யாரும் எஞ்சினை முழுமையாகத் திறப்பதில்லை. திறந்தால் நீரெல்லாம் வெளியே போய்விடும். அங்கே அது ஓடியது பாதி தூக்கத்தில். அரிசி மூட்டையைத் தூக்க முடியுமா என்று பார்க்க ஒருவனை வெறுங்கையோடு நடக்கவிட்டதுபோலத்தான் அந்தச் சோதனை. ஒரு பாகம் எந்தப் பாரத்தில் தோற்கிறதோ, அந்தப் பாரத்தைக் கொடுக்காத சோதனை எதையும் நிரூபிக்காது.

பலகைக்கு வருகிறேன். அதில் இரண்டு ஆணிகள். ஒன்றன் நுனிக்கும் மற்றதன் நுனிக்கும் இடையே ஆறு மில்லிமீற்றர். ஒரு ஆணியில் பிளக் வயரை மாட்டி, மற்றதை எஞ்சின் உடம்போடு கம்பியால் இணைத்துக் கயிற்றை இழுக்க வேண்டும். இரண்டு பிளக்கையும் கழற்றிவிட்டால் கை இலகுவாக, விரைவாகச் சுழலும். திறந்த காற்றில் ஆறு மில்லிமீற்றரைத் தாண்டுவது, சிலிண்டருக்குள் பிளக்கின் சிறிய இடைவெளியைத் தாண்டுவதற்கு ஏறத்தாழ நிகரான சவால். நீலநிறத்தில் ‘டப்’ என்று கேட்கும்படி தாண்டினால் கொயில் நலம். மெலிந்து மஞ்சளாக இழுபட்டாலோ, தாண்டவே மறுத்தாலோ நோய் அங்கேதான். பிளக் துளைகளிலிருந்து பெற்றோல் ஆவி வரும். பலகையை அவற்றிலிருந்து எட்ட வைத்துச் செய்யுங்கள். பொறி அடிக்கும் ஆணியைத் தொட்டால் என்ன நடக்கும் என்று எழுதத் தேவையில்லை.

கரையில், எஞ்சின் ஆறியிருந்தபோது, இரண்டு வயர்களும் தாண்டின. இப்போது, அணைந்த கையோடு, நடு நீரில் வைத்துச் சோதித்தேன். கீழ்ச் சிலிண்டரின் வயர் தாண்டியது. மேல் சிலிண்டரின் வயரில் ஒன்றுமில்லை. இடைவெளியைப் பாதியாகக் குறைத்த பிறகுதான் மெல்லிய இழையொன்று தோன்றி மறைந்தது.

முறைப்பாட்டின் ஒவ்வொரு வரியும் இதனோடு பொருந்தியது. இந்த மாதிரியில் சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு கொயில், மின்சுற்றைத் திறந்து மூடும் இரண்டு பாயிண்ட், இரண்டு கொண்டன்சர் தனித்தனியே இருக்கின்றன. மேல் கொயில் சூடேறித் தோற்றதும் எஞ்சின் ஒற்றைச் சிலிண்டரில் ஓடுகிறது. நடுக்கமும் பாதி வேகமும் அதனால். வேகத்தைக் குறைத்ததும் ஒற்றைச் சிலிண்டரால் புரொப்பலரையும் இழுத்துக்கொண்டு உயிரோடு இருக்க முடிவதில்லை. அணைந்தபின், மேல் சிலிண்டரில் எரியாமல் தங்கிய பெற்றோல் பிளக்கை நனைத்துவிடுகிறது. இழுக்க இழுக்க இன்னும் நனைகிறது. அரை மணி நேரத்தில் கொயில் ஆறுகிறது, பிளக்கும் காய்கிறது, எஞ்சின் எழும்புகிறது.

பறக்கும் சில்லின் கீழே

இந்தக் கொயில்கள், கிராங்க் தண்டின் தலையில் சுழலும் பறக்கும் சில்லுக்குள் (ஃபிளைவீல்) இருக்கின்றன. சில்லைக் கழற்றாமல் அவற்றைத் தொட முடியாது. நட்டைத் தளர்த்திவிட்டு, சில்லின் மேலே உள்ள துளைகளில் புல்லரைப் பொருத்தி இழுக்க வேண்டும். விளிம்பில் நெம்புகோல் கொடுப்பதும் தண்டின் தலையில் சுத்தியால் அடிப்பதும் மலையகத்துப் பட்டறைகளில் இன்றும் நடக்கும் பாவங்கள். சில்லின் காந்தமும் கிராங்க் தண்டின் நுனியும் அதை மன்னிப்பதில்லை. இது நன்னீரிலேயே வாழ்ந்த எஞ்சின் என்பதால் நட்டுகள் உப்பில் கடித்துக் கிடக்கவில்லை. ஸ்பேனர் வைத்ததும் திரும்பின. கடற்கரையில் வேலை செய்பவர்கள் இதைக் கேட்டால் பொறாமைப்படுவார்கள்.

சில்லைத் தூக்கியதும் வேறு சான்று தேவைப்படவில்லை. மேல் சிலிண்டருக்குரிய கொயிலின் பழுப்பு உறையில் மூன்று வெடிப்புகள். ஒன்று இரும்புத் தகடுகள் வரை போயிருந்தது. அதன் ஓரத்தில் கறுப்புக் கோடு, மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் அந்த வெடிப்பு வழியாகத் தகட்டுக்குப் பாய்ந்த தடம். சூட்டில் வெடிப்பு விரியும். மலையின் ஈரம் அதற்குள் இறங்கும். இளைய கொயிலாக இருந்த காலத்தில் இது நடந்திருக்காது; அறுபது வருடம் தாண்டிய பிளாஸ்டிக் உறையிடம் வேறு எதை எதிர்பார்ப்பது? மற்றக் கொயிலிலும் ஒரு மயிர் வெடிப்பு ஓடத் தொடங்கியிருந்தது. ஒன்றை மட்டும் மாற்றினால் அடுத்த வருடம் அதே சில்லை மறுபடி தூக்க வேண்டும். இரண்டையும் மாற்றச் சொன்னேன். விடுதிக்காரர் முகம் சுளித்தாலும் ஒப்புக்கொண்டார்.

பழைய ஜோன்சன், எவின்ரூட் எஞ்சின்களில் சிறியதும் பெரியதுமான பல மாதிரிகள் ஒரே கொயிலைப் பயன்படுத்தின. அதனால் வேறு நிறுவனங்கள் தயாரிக்கும் மாற்றுக் கொயில்கள் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. கடல் கடந்து வர வேண்டும் என்பதால் காத்திருக்க வேண்டியிருந்தது. வந்த விலை, தபாலும் தீர்வையும் சேர்த்து, புதிய எஞ்சினின் விலையில் மிகச் சிறிய பங்கு.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. கொயிலின் இரும்புக் கால்களின் விளிம்பு, அவை உட்காரும் தட்டிலுள்ள கடைந்த மேடைகளின் விளிம்போடு சமமாக நிற்க வேண்டும். விரல் நகத்தால் வருடினால் படி தெரியக் கூடாது. வெளியே நீட்டினால் சுழலும் காந்தம் உரசும். உள்ளே ஒதுங்கினால் பொறி பலமிழக்கும்.

பாயிண்டுகளில் பச்சையும் கறுப்புமாகப் பூத்திருந்தது. இது மழையால் அல்ல, பனியால் வருவது. இரவில் குளிர்ந்த இரும்பின் மேல் காலையில் மூடுபனியின் ஈரம் வேர்க்கிறது. படகுத் துறையில் திறந்த கொட்டகைக்குள் தொங்கும் எஞ்சினுக்கு இது அன்றாடம் நடக்கும். நுண்ணிய அரத்தாளால் உரசியபின், சுத்தமான அட்டைத் துண்டை இரு முனைகளுக்கும் இடையே விட்டு இழுத்துத் துடைக்க வேண்டும். விரலின் எண்ணெய் பட்டால்கூட மின்சாரம் மறுக்கும். இடைவெளி 0.020 அங்குலம், அதாவது அரை மில்லிமீற்றர். தண்டின் குமிழ் பாயிண்டை முழுமையாக உயர்த்திய இடத்தில் நிறுத்தித்தான் ஃபீலர் கேஜ் விட வேண்டும்.

மறுநாள் ஆறு மில்லிமீற்றர் இடைவெளியை இரண்டு வயர்களும் ‘டப் டப்’ என்று தாண்டின. தேவாலய வளைவைக் கடந்து போனோம். அண்ணன் கைப்பிடியை விடாமல் அணைப் பக்கம்வரை ஓட்டிவிட்டுத் திரும்பினார்.

கலவையை அதற்குப் பின்தான் சரிசெய்தேன். பொறி நலமாக இல்லாதபோது ஊசியைத் திருத்துவது வீண். முழு வேக ஊசியை, படகில் ஆளும் பாரமும் இருக்க, நீரில் ஓட்டிக்கொண்டே உள்ளே திருக வேண்டும். எஞ்சின் தயங்கும் இடம் வரும். அங்கிருந்து வெளியே திருகிச் சீராக ஓடும் இடத்தைப் பிடித்து, அதற்கும் சற்று மேலே நிறுத்த வேண்டும். அந்தச் “சற்று” முக்கியம். டூ ஸ்ட்ரோக்கில் எஞ்சினுக்கு எண்ணெய் பெற்றோலோடுதான் போகிறது. மலையில் மெலிந்த காற்றுக்காகக் கலவையைக் குறைக்கும் ஆசையில் எல்லை தாண்டினால் பிஸ்டன் வறண்டு இறுகும். குறைந்த வேக ஊசி ஒன்றேகால் சுற்றுக்கும் குறைவாக வந்து நின்றது. முன்பு மூன்று சுற்றில் கிடந்தது அதே ஊசிதான்.

எண்ணெய் பற்றி ஒரு சச்சரவு

ஹற்றனில் எந்தக் கடையிலும் கிடைப்பது முச்சக்கர வண்டிக்கும் புல்வெட்டும் இயந்திரத்துக்கும் ஊற்றும் 2டீ எண்ணெய். அண்ணன் லீற்றருக்கு 20 மில்லிலீற்றர் கலந்துகொண்டிருந்தார். அது ஐம்பதுக்கு ஒன்று. “கூட ஊற்றினால் புகைகிறது, வெள்ளைக்காரர்கள் மூக்கைப் பிடிக்கிறார்கள்,” என்பது அவர் வாதம். விருந்தாளிகளின் மூக்குக்கும் ஒரு நியாயம் உண்டு. ஆனால் இந்த எஞ்சின் 24க்கு ஒன்று என்ற கலவைக்காகச் செய்யப்பட்டது. அதாவது லீற்றருக்கு 42 மில்லிலீற்றர். பிற்காலத்து ஐம்பதுக்கு ஒன்று என்ற அளவு வேறு வகை பெயாரிங் (தண்டைத் தாங்கும் பாகம்) போட்ட எஞ்சின்களுக்கு உரியது. புகையைக் குறைக்க எண்ணெயைக் குறைப்பது, பசிக்கிறது என்பதற்காக விதைநெல்லைக் குத்துகிற வேலை.

எண்ணெயின் வகையும் முக்கியம். முச்சக்கர வண்டியின் எஞ்சின் காற்றால் குளிர்வது, கடும் சூட்டில் ஓடுவது. அதற்கான எண்ணெயில் சாம்பல் விடும் சேர்மானங்கள் இருக்கும். நீரால் குளிரும் படகு எஞ்சினில் அவை சரியாக எரியாமல் பிளக்கிலும் பிஸ்டன் தலையிலும் படியும். டப்பாவில் டீசி டபிள்யூ3 என்ற அடையாளம் உள்ள எண்ணெய்தான் இதற்கு ஏற்றது. மீன்பிடித் துறை உள்ள கரையோர ஊர்களில் தாராளமாகக் கிடைக்கும். விடுதிக்குச் சாமான் ஏற்றிவரும் வான் சாரதியிடம் சொல்லிவிட்டால் நீர்கொழும்பிலிருந்து வந்துசேரும். பெற்றோல் 92 போதும். இவ்வளவு குறைந்த அமுக்கமுள்ள எஞ்சினுக்கு 95 ஊற்றுவது காசுக்குக் கேடு.

அழுத்தத் தாங்கியை எடுத்துவிட்டுப் பம்ப் பொருத்தலாமே என்று விடுதிக்காரர் கேட்டார். செய்யலாம், பலர் செய்கிறார்கள். அழுத்தத்தில் நிற்கும் குழாய் வெடித்தால் பெற்றோல் படகுக்குள் பீறிடும் என்பது உண்மையான ஆபத்து. ஆனால் இந்தத் தாங்கியின் மூடி வாஷரும் குழாய்களும் புதியவை, தகரத்தில் துரு இல்லை. நல்ல நிலையில் இருப்பதை மாற்றுவதில் எனக்கு விருப்பமில்லை. மூடியை மட்டும் திடீரென்று திறக்காமல் மெல்லத் தளர்த்தி, சீறல் அடங்கியபின் எடுக்க வேண்டும். படகில் புகைப்பது பற்றி அண்ணனோடு தனியே பேச வேண்டியிருந்தது.

நீருக்குக் கீழே இருந்தவை

கீழ்ப்பகுதியைத் திறந்தபோது மலையின் உண்மையான குற்றங்கள் தெரிந்தன. தென்மேல் பருவமழையில் தேயிலைச் சரிவுகளிலிருந்து வழியும் மண் அப்படியே நீர்த்தேக்கத்துக்குத்தான் வருகிறது. அந்தக் கலங்கல் நீரை இழுத்து இழுத்து, குளிர்நீரைத் தள்ளும் இம்பெல்லரின் ரப்பர் இதழ்களின் நுனிகள் தேய்ந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி இறுகியிருந்தன. இன்னும் சில மாதம் ஓடியிருந்தால் அடுத்த முறைப்பாடு சூடு பற்றியதாக இருந்திருக்கும். கடலில் உப்பு செய்வதை இங்கே மண் செய்கிறது. மழைக்காலம் முடிந்ததும் இம்பெல்லரைப் பார்க்காமல் விடக் கூடாது.

புரொப்பலரைக் கழற்றினால் ஷியர் பின் இருக்க வேண்டிய இடத்தில் மூன்றங்குல ஆணியின் ஒரு துண்டு. நீர் இறங்கும் மாதங்களில் அடியில் கிடக்கும் கட்டைகளும் பழைய பாதைகளும் கற்களும் மேலே நெருங்குகின்றன. பக்கத்து மவுசாகலையில் நீர் வற்றினால் மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோயிலே வெளியே வரும். அப்படி ஒன்றில் புரொப்பலர் மோதும்போது தான் முறிந்து கியரைக் காப்பதற்கென்றே மெல்லிய பின் வைத்திருக்கிறார்கள். இரும்பாணி முறியாது, அடி நேராகக் கியர்ப் பல்லுக்குப் போகும். நல்லவேளையாகப் பற்கள் பிழைத்திருந்தன. சரியான பின்களில் சிலவற்றைச் சிறிய டப்பாவில் போட்டு, பிளையரோடு படகின் முனையில் கட்டிவைத்தோம்.

கியர் ஒயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தது. புரொப்பலர் தண்டைச் சுற்றி நைலோன் நூல் சுருண்டு கிடந்தது, திலாப்பியா பிடிக்க விரிக்கும் வலையின் துண்டு. அது உருகி இறுகிச் சீலின் உதட்டை வெட்டியிருக்கிறது. அந்த வழியாக நீர் புகுந்திருக்கிறது. நூலை எடுத்து, ஒயிலை வடித்து, 90 கியர் ஒயில் நிரப்பினேன். நிரப்பும்போது கீழ்த் துளையிலிருந்து மேல்நோக்கித் தள்ள வேண்டும். மேலே வழியும்போது மேல் திருகை முதலில் மூட வேண்டும். மேலிருந்து ஊற்றினால் காற்று உள்ளே சிக்கிக்கொள்ளும்.

சீல் இன்னும் மாற்றப்படவில்லை. ஓட்டம் முடிந்ததும் எஞ்சினை நீரிலிருந்து தூக்கிச் சாய்த்துவிட வேண்டும், மாதம் ஒரு முறை கீழ்த் திருகைத் தளர்த்தி முதல் சில துளிகளின் நிறத்தைப் பார்க்க வேண்டும் என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். வெளுத்தால் வடித்துப் புதிது ஊற்றிக்கொள்ளலாம். சீல் கொயில்களோடு ஒரே பொதியில் வந்திருக்க வேண்டியது, அளவு மாறி வந்துவிட்டது. சரியானது வந்ததும், பெப்ரவரியில் நீர் இறங்கிப் படகைக் கரையேற்றும் நாட்களில் கீழ்ப்பகுதியைப் பிரிப்பதாக ஏற்பாடு. அதுவரை படகில் ஓட்டுபவரைச் சேர்த்து நான்கு பேருக்கு மேல் ஏற்றக் கூடாது என்று விடுதிக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். ஐந்தாவது ஆளுக்கான வலுவைத்தான் மலை எடுத்துக்கொண்டுவிட்டதே.